திருமானூர் வெயிலை ஹனிசக்கிள் கொடி தாங்குமா? நர்சரியில் அந்தப் பெயரில் விற்பது எந்தக் கொடி? முழு விவரம்

வாசல் வளைவில் ஏத்தி விட்டா கொத்துக்கொத்தா பூக்கும், சாயங்காலம் ஆனா வீடே மணக்கும். 'ஹனிசக்கிள்' என்ற பெயரில் விற்கப்படும் கொடிக்கு இப்படித்தான் விளம்பரம் செய்யறாங்க. ஆனா ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு செடிகள் விற்பனையில் இருக்கு. ஒன்று குளிர்ச்சியை விரும்பும் செடி. இன்னொன்று நம்ம ஊர் வெயிலில் செழித்து வளரும்.

அரியலூர் மாவட்டம் திருமானூர் மாதிரி, கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் இருக்கறவங்க எதை வாங்கணும், எப்படி வளர்க்கணும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் எதைக் கவனிக்கணும்? விரிவா பார்க்கலாம்.

உண்மையான ஹனிசக்கிள் எது?

தாவரவியலில் 'லோனிசெரா' என்ற பேரினத்தைச் சேர்ந்தவைதான் ஹனிசக்கிள். இதில் அதிகம் பேசப்படுவது ஜப்பான், கொரியா, சீனாவைத் தாயகமாகக் கொண்ட ஜப்பானிய ஹனிசக்கிள். வெள்ளையா பூத்து மஞ்சளா மாறும். பூவின் அடியை உறிஞ்சினா தேன் இனிக்கும், அதனாலதான் இந்தப் பெயர்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களின் குளிர்ச்சி இதற்குப் பொருந்தும். சமவெளி வெயிலில் செடி சாகாம இருந்தாலும், எதிர்பார்த்த அளவு பூக்காது. இன்னொரு விஷயம், அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் இது காடுகளுக்குள் பரவி, மற்ற செடிகளை மூடி அழிக்கும் ஆக்கிரமிப்புக் கொடியாகவே பார்க்கப்படுது.

அப்போ நம்ம ஊரில் விற்பது எது?

பெரும்பாலும் ரங்கூன் மல்லி. வட இந்தியாவில் இதை மதுமாலதி என்பாங்க. ஆங்கிலத்தில் இதற்கு 'சீன ஹனிசக்கிள்' என்றும் ஒரு பெயர் உண்டு. குழப்பம் ஆரம்பிப்பது இங்கேதான். பெயரில் மல்லி இருந்தாலும் இது மல்லிகைக் குடும்பம் இல்லை. ஹனிசக்கிள் குடும்பமும் இல்லை. மருத மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது.

இதன் இப்போதைய தாவரவியல் பெயர் காம்பிரீட்டம் இண்டிகம். பழைய பெயர் குவிஸ்குவாலிஸ் இண்டிகா. லத்தீனில் 'குவிஸ்' என்றால் யார், 'குவாலிஸ்' என்றால் எப்படிப்பட்டது. சின்ன வயசில் புதர் மாதிரி நின்று, பிறகு திடீரென கொடியாகப் படருவதால் பார்த்தவங்களுக்கு வந்த குழப்பமே பெயராகிடுச்சு.

வாங்கும்போது அடையாளம் பாருங்க. ஒரே கொத்தில் வெள்ளை, ரோஸ், சிவப்பு மூணும் இருந்தா அது ரங்கூன் மல்லி. வெள்ளையும் மஞ்சளும் இருந்தா அது ஹனிசக்கிள்.

பூ ஏன் நிறம் மாறுது?

ரங்கூன் மல்லி மொட்டு சாயங்காலம் வெள்ளையா விரியும். மறுநாள் ரோஸ் ஆகும். மூன்றாம் நாள் அடர் சிவப்பு. வாசம் அதிகமா இருப்பது முதல் நாள் இரவில்தான்.

இதற்குக் காரணம் இருக்கு. பூவின் குழாய் 5 முதல் 7 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அடியில் இருக்கும் தேனை எடுக்க நீளமான உறிஞ்சு குழல் வேணும். அது இருப்பது இரவில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சிக்கு. இருட்டில் வெள்ளை நிறமும் வாசமும் அதைக் கூப்பிடும். பகலில் நிறம் ஏறின பூக்களைத் தேடித் தேனீ, வண்ணத்துப்பூச்சி, தேன்சிட்டு வரும்.

அதனால வாசத்துக்காகவே வளர்க்கறவங்க, சாயங்காலம் உட்காரும் திண்ணை அல்லது ஜன்னல் பக்கம் நடறது நல்லது.

திருமானூர் மண்ணுக்கு எப்படி நடணும்?

திருமானூர் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கு. ஆற்றை ஒட்டிய பகுதியில் வண்டல் மண். அங்கே அதிக வேலை இல்லை. அரியலூர் பக்கம் போகப் போக நிலைமை மாறும். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் கொடுக்கும் பூமி அது. மண்ணிலும் சுண்ணாம்பு கூடுதலா இருக்கும் இடங்கள் உண்டு.

* குழி: ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி எடுங்க.
* கலவை: தோண்டிய மண்ணோடு மட்கிய தொழுவுரம் பாதிக்குப் பாதி. களிமண்ணா இருந்தா கொஞ்சம் மணல் சேருங்க.
* வெயில்: தினமும் குறைஞ்சது 5, 6 மணி நேரம் நேரடி வெயில் வேணும். நிழலில் இலைதான் வரும், பூ வராது.
* நேரம்: ஆடிக்குப் பிறகு, மழை ஆரம்பிக்கும் காலம் நல்லது. கோடையில் நட்டா தினமும் தண்ணீர் விடணும்.
* மாடியில் வளர்க்க: 18 அங்குலத் தொட்டி, அடியில் ஓட்டை கட்டாயம்.

காசு கொடுத்து வாங்கணும்னு அவசியமில்லை. பக்கத்து வீட்டில் கொடி இருந்தா பதியம் போடலாம். தாழ்ந்த கிளையை வளைச்சு, ஒரு கணுவை மண்ணில் புதைச்சு, மேலே கல் வையுங்க. ஈரம் காயாம பார்த்துக்கிட்டா ஒன்றரை, இரண்டு மாதத்தில் வேர் விடும். அப்புறம் வெட்டி எடுத்து நடலாம்.

இலை மஞ்சளானா என்ன செய்யணும்?

இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையா இருந்தா அது இரும்புச்சத்துக் குறைபாடு. சுண்ணாம்பு அதிகமான மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுத்துக்க முடியாது. உரக்கடையில் கிடைக்கும் அன்னபேதி உப்பை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கணக்கில் கரைச்சு, சாயங்கால நேரத்தில் இலை மேல் தெளிக்கலாம். தொழுவுரம் போட்டுக்கிட்டே வந்தா மண்ணும் மெல்ல சரியாகும்.

கீழ் இலை எல்லாம் மொத்தமா மஞ்சளானா, வேரில் தண்ணீர் தேங்குதான்னு முதல்ல பாருங்க.

கொடி செழிப்பா இருக்கு, ஆனா பூக்கலையா?

மூணு காரணம் இருக்கலாம். ஒன்று, வெயில் போதலை. இரண்டு, யூரியா மாதிரி தழைச்சத்து உரம் அதிகமாகிடுச்சு. மூன்று, கவாத்து செய்யலை.

ரங்கூன் மல்லி புதுசா வரும் துளிரில்தான் பூக்கும். அதனால மார்கழி, தை மாதத்தில் காய்ந்த கிளைகளை எடுத்து, நீண்டதை மூன்றில் ஒரு பங்கு வெட்டி விடுங்க. கோடை தொடங்கும்போது புதுத் துளிரோடு பூ வரும். வெட்டும்போது கையுறை போட்டுக்குங்க. இலை உதிர்ந்த பிறகு காம்பின் அடிப்பகுதி முள் மாதிரி கெட்டியாகி நிற்கும். கொடி மேலே ஏறப் பிடிமானமே அதுதான்.

எங்கே ஏற்றக் கூடாது?

இது 20, 25 அடிக்கு மேலும் போகும். மழையில் நனைஞ்சா கனம் கூடும். இரும்புக் குழாய் அல்லது கல்கால் பந்தல்தான் தாங்கும். ஓட்டு வீட்டுக் கூரையில் ஏற விட்டா, ஓட்டுக்கு இடையில் புகுந்து தூக்கி விடும். மின்கம்பம், மின்கம்பி பக்கம் நடவே வேண்டாம். ஏற்கெனவே கம்பியைத் தொட்டிருந்தா நீங்களே வெட்டாதீங்க, மின்வாரியத்துக்குச் சொல்லுங்க.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் முக்கிய எச்சரிக்கை

ரங்கூன் மல்லியின் காய் ஐந்து விளிம்போடு, பழுப்பு நிறத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் பருப்பு தேங்காய் மாதிரி ருசிக்கும். ஆபத்தே இந்த ருசிதான்.

விதையில் 'குவிஸ்குவாலிக் அமிலம்' என்ற பொருள் இருக்கு. இது நரம்பு செல்களைத் தூண்டக்கூடியது. சீனாவிலும் பிலிப்பைன்ஸிலும் குடற்புழுவுக்கு இந்த விதையைக் கொடுக்கும் பழக்கம் உண்டு. பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை பரிந்துரைத்த 10 மூலிகைகளில் இதுவும் ஒன்று. ஆனா அளவு மீறினா விக்கல், குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் வரும். யாரோ சொன்னாங்கன்னு வீட்டில் கொடுத்துப் பார்க்காதீங்க. குடற்புழு நீக்க அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகவே கிடைக்குது.

குழந்தை விதையைத் தின்னுட்டா வாந்தி எடுக்க வைக்க முயற்சி செய்யாதீங்க. மீதமுள்ள காயையும் எடுத்துக்கிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்க. இந்தக் கவலையே வேண்டாம்னா, பூ வாடினதும் கொத்தைக் கிள்ளி விடுங்க. நிறைய பூத்தாலும் காய் குறைவாகவே பிடிக்கும் என்பதால் இது பெரிய வேலை இல்லை.

வாசத்துக்குப் பாம்பு வருமா?

வாசக் கொடி வெச்சா பாம்பு வரும் என்ற பயம் கிராமத்தில் பரவலா இருக்கு. பூ வாசத்தைத் தேடிப் பாம்பு வருவதில்லை. அதன் இரை எலி, தவளை, ஓணான். கொடியின் அடியில் சருகும் புதரும் அடர்ந்து கிடந்தா இவை தங்கும், அவற்றைத் தேடிப் பாம்பு வரலாம். அதனால தரையிலிருந்து இரண்டு அடி உயரம் வரை கிளை இல்லாம சுத்தமா வெச்சுக்குங்க. வேரிலிருந்து முளைக்கும் பக்கக் கன்றுகளையும் எடுத்துடுங்க. ராத்திரி பூப் பறிக்கப் போனா டார்ச் கட்டாயம்.

தலையில் வைக்கவும் விற்கவும் ஆகுமா?

ஆகாது. நிறம் மாறி, சீக்கிரம் துவண்டு போகும் என்பதால் பூக்கடையில் இதற்கு விலை இல்லை. கட்டி வைக்கிற பூ வேணும்னா முல்லையே சரி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'பாரிமுல்லை' ரகம் இருக்கு. தேர் கொடுத்த பாரியின் பெயர்தான் அதற்கு.

சுருக்கமா சொன்னா: திருமானூர் வெயிலுக்கு ஹனிசக்கிள் வேண்டாம், ரங்கூன் மல்லி போதும். நல்ல வெயில், உறுதியான பந்தல், வருஷத்துக்கு ஒரு கவாத்து. காயை மட்டும் குழந்தைகள் கைக்கு எட்டாம பார்த்துக்குங்க.