பெயரில் மட்டும் தோட்டம்

பேரனைத் தாடிக்காவில் விட்டுவிட்டு வரும்போதெல்லாம் அந்தச் சொல் உறுத்தும். 'தாமான் டிடிக்கான் கானாக்-கானாக்' என்பதன் சுருக்கம் அது. தாமான் என்றால் தோட்டம். அங்கே இருப்பதோ சிமெண்டுத் தரையும் பிளாஸ்டிக் புல்லும். "மண்ணுல கை வைக்காதடா, அழுக்கு!" என்று டீச்சர் அதட்டியதையும் கேட்டிருக்கிறேன்.

ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் 1840இல் ஃப்ரோபல் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்தபோது அது வெறும் உவமை இல்லை. ஒன்பது மாதக் குழந்தையாகத் தாயை இழந்தவர். பதின்ம வயதில் வன அதிகாரி ஒருவரிடம் தொழில் பழகியவர். பிள்ளைக்கு ஒரு சிறு பாத்தி, பக்கத்தில் எல்லாருக்குமான பொதுப் பாத்தி என்பது அவர் ஏற்பாடு. ஈர மண் விரலுக்கு, கசக்கிய இலை மூக்குக்கு. சொந்தச் செடி வாடினால் உடனே தெரிந்துவிடும். பொதுச்செடி வாடினால் யார் தண்ணீர் ஊற்றுவது? என்னைக் கேட்டால், பெரிய பாடம் அந்த இரண்டு பாத்திக்கும் நடுவே இருந்த வரப்பில்தான் நடந்திருக்கும்.

1851இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தது. நாத்திகமாம், சோசலிசமாம். இத்தனைக்கும் அரசியல் எழுதியவர் அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபல்; பெயர்க் குழப்பத்தில் சித்தப்பா மாட்டிக்கொண்டார். மறு ஆண்டே இறந்தும் போனார். தடை நீங்கியது 1860இல்.

பேரனுக்காகப் பழைய பெயிண்ட் டின்னில் வெண்டை விதை போட்டிருக்கிறோம். முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்க்கிறான். பிறகு விரலை முகர்ந்து பார்த்து, "தாத்தா, மழை வாசம்" என்கிறான்.