கீழே வண்டி, மேலே தண்ணீர்த் தொட்டி: வீட்டு வெல்டிங்குக்கு இரண்டு இடங்கள்

செம்புச் சுருளும் எண்ணெயுமாக இருந்த பழைய டிரான்ஸ்பார்மர் வெல்டிங் மெஷினை ஒருவர் தனியாக அசைக்க முடியாது. அது நின்ற இடமே பட்டறை. இன்று கிடைக்கும் சிறிய இன்வெர்ட்டர் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறிவிடலாம். எங்கே வைத்து வேலை செய்வது என்பது அதனால் இப்போது உண்மையான கேள்வியாகிவிட்டது. தனி வீட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஸ்டூலோ பூந்தொட்டி ஸ்டாண்டோ செய்து பார்க்க விரும்புகிறவரின் கண்ணில் இரண்டு இடங்கள் படும்: வண்டி நிற்கும் போர்ட்டிகோ, அல்லது மொட்டை மாடி. படுக்கையறை, மாடிப்படியின் அடி, கேஸ் சிலிண்டர் வைத்திருக்கும் பின்கட்டு ஆகியவை போட்டியிலேயே இல்லை.

தீ என்ற முதல் அளவுகோலில் போர்ட்டிகோ தோற்றுவிட்டதாகத்தான் தோன்றும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழாமல் தரையோடு தரையாக ஊர்ந்துபோய், வண்டிக்குச் சில அடி தள்ளி உட்கார்ந்திருப்பவரின் தீப்பொறியைச் சந்திக்கும். மாடியிலோ சிமெண்டுத் தரையும் வானமும்தான், எரிவதற்கு என்ன இருக்கிறது? கொஞ்சம் நின்று சுற்றிப் பார்த்தால் பட்டியல் நீளும். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, பிவிசி குழாய், டிஷ் கேபிள், கொடியில் காயும் துணி, தார் கலந்த நீர்க்காப்பு ஷீட், சில வீடுகளில் கீற்றுக் கொட்டகையே. போர்ட்டிகோவில் ஆபத்தானது சக்கரம் வைத்தது. தெருவில் தள்ளி நிறுத்திவிடலாம். மாடியில் இருப்பவற்றில் பாதி அசையாதவை.

வெல்டிங் செய்யும் இடத்தைச் சுற்றி 35 அடிக்குள் எரியக்கூடிய பொருள் இருக்கக்கூடாது என்பது அமெரிக்கத் தொழிற்சாலைப் பாதுகாப்பு விதி. விட்டக் கணக்கில் 70 அடி. பத்துக்கு இருபது போர்ட்டிகோவில் அது அடங்காது என்பது வெளிப்படை. முப்பதுக்கு நாற்பது மனையில் கட்டிய வீட்டின் மாடியிலும் அது அடங்காது என்பதைத்தான் நாம் யோசிப்பதில்லை. கீழே பொறி கேட்டைத் தாண்டித் தெருவில் விழும். மேலே கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டில் விழும். அகற்ற முடியாததை மூடு, அல்லது தடுப்பு வை என்று அதே விதி சொல்கிறது. ஆகவே இரண்டு இடத்துக்கும் தகரத் தடுப்பு வேண்டும். மாடியில் அது ஏற்கெனவே பாதி கட்டப்பட்டிருக்கிறது. மூன்றடிக் கைப்பிடிச் சுவரின் ஓரம் தரையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அதுவே தடுப்பு. மேசை போட்டு நின்றுகொண்டு செய்தால் அந்தச் சலுகை போய்விடும்.

போர்ட்டிகோவுக்கு உரிய சேதம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கிரைண்டர் பொறி கார்க் கண்ணாடியில் பட்டால் இரும்புத் துகள் கண்ணாடியை உருக்கி உள்ளே பதிந்துகொள்ளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து, துடைத்தால் போகாத பழுப்புப் புள்ளிகள் தெரியும். விரலால் தடவினால் சொரசொரக்கும். அலமாரியில் இருக்கும் பிரேக் கிளீனர் இதைவிட மோசம். குளோரின் சேர்மம் கலந்த வகையாக இருந்து, துடைத்த இரும்பு காயும் முன் வெல்டிங் வைத்தால், முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட பாஸ்ஜீன் வாயு உண்டாகும்.

புகைக் கணக்கில் மாடியின் கை ஓங்குகிறது. வெல்டர் ஒருவருக்கு 10,000 கன அடிக்குக் குறைவான இடமென்றால் புகையை இயந்திரத்தால் வெளியேற்ற வேண்டும் என்கிறது மேற்சொன்ன அமெரிக்க விதித்தொகுப்பு. பத்தடி உயரக் கூரையுள்ள நம் போர்ட்டிகோ 2,000 கன அடிதான். இரண்டு மூன்று பக்கம் திறந்திருப்பதுதான் அதைக் காப்பாற்றுகிறது. மாடிக்குக் கூரையே இல்லை. ஆனால் இங்கேதான் எதிர்பாராத உறவொன்று தெரிகிறது. வெல்டிங் புகை நேராக மேலே எழும். குனிந்து பார்ப்பவரின் முகம் இருப்பதும் நேர் மேலேதான். வானம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் இடம் ஒரு சாண்தான். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. கீழோ மேலோ, காற்று பக்கவாட்டில் கடக்கும்படி உட்காருவதே முதல் காப்பு. போர்ட்டிகோவில் ஒரு பெடஸ்டல் ஃபேன் அதைச் செய்யும். மாடியில் காற்றின் திசை பார்த்து நாம்தான் இடம் மாற வேண்டும்.

அதே காற்று காப்பு வாயு பயன்படுத்தும் வெல்டிங் வகையில் பகையாகிறது. மணிக்கு 8 கிலோமீட்டர் காற்றே மிக் வெல்டிங்கின் காப்பு வாயுவைக் கலைத்துவிடப் போதும். இணைப்பு முழுக்கத் துளை விழும். மாலைக் கடற்காற்று வீசும் ஊர்களில் மாடியில் மிக் வேண்டாம். ராடு வெல்டிங் இதற்கு அவ்வளவாக அசராது.

வெளிச்சத்தில் நிலைமை தலைகீழ். வெயில் நன்றாக இருப்பது மாடிக்குச் சாதகமில்லை, பாதகம். முதுகுப் பக்கத்துச் சூரியன் ஹெல்மெட்டின் உட்புறம் நுழைந்து கண்ணாடியில் எதிரொளித்தால் உருகும் குட்டையே தெரியாது. போர்ட்டிகோவின் நிழல் இதற்குப் பொருத்தம். பிறர் கண்ணைப் பொறுத்தவரை இரண்டும் சமம். கீழே தெருப்பிள்ளைகள் கேட்டருகில் வந்து நிற்பார்கள், மேலே எதிர் அடுக்ககத்தின் பால்கனியில் யாராவது நிற்பார்கள். மின்வில்லின் புறஊதாக் கதிர் பட்ட கண் பட்ட நேரத்தில் வலிக்காது. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், மணல் விழுந்ததுபோல் உறுத்தத் தொடங்கும். வெள்ளைச் சுவர்தான் கதிரைத் திருப்பியடிக்கும் என்று பலர் அஞ்சுகிறார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த வெள்ளைப் பெயிண்ட் புறஊதாவைப் பெருமளவு விழுங்கிவிடும் என்பதுதான் வியப்பு. பளபளக்கும் ஸ்டீல் தொட்டியையும் அலுமினியத் தகட்டையும்தான் சந்தேகிக்க வேண்டும்.

மின்சாரத்தில் போர்ட்டிகோ தெளிவாக முந்துகிறது. மீட்டர் பலகை பெரும்பாலும் அங்கேயே இருக்கும். 16 ஆம்பியர் பிளக்கும் அருகில் கிடைக்கும். மாடிக்கு 25 மீட்டர் எக்ஸ்டென்ஷன் இழுத்தால்? 2.5 மி.மீ. ராடுக்கு 80 ஆம்பியர் வைத்தால் மெஷின் பிளக்கிலிருந்து 14 ஆம்பியர் அளவில் இழுக்கும். ஒரு சதுர மி.மீ. செம்பு வயரில் அந்த நீளத்துக்குப் பன்னிரண்டு வோல்ட் வழியிலேயே கரைந்து 170 வாட் வெப்பமாகிறது. மீதி வயரைச் சுருட்டிப் போட்டிருந்தால் அந்தச் சுருளே உருகும். 2.5 சதுர மி.மீ. வயரில் இழப்பு ஐந்து வோல்ட்தான். இவற்றையெல்லாம்விட, மாடியோரம் போகும் மின்கம்பி. இருபதடி ஸ்கொயர் பைப்பைத் திருப்பும்போது அதன் மறுமுனை எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த ஒரு கம்பி இருந்தால் மாடியைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை.

ஈரம் இரண்டு இடத்திலும் உண்டு: கீழே வண்டி கழுவிய தண்ணீர், மேலே உச்சி வெயிலில் வழியும் வியர்வை. ஹோல்டரில் சும்மா நிற்கும் 60, 80 வோல்ட் உலர்ந்த கையுறைக்கு ஒன்றுமில்லை, நனைந்த சட்டைக்கு அப்படியில்லை. வீட்டின் மின்கசிவுத் தடுப்பானான ஆர்சிசிபி இதில் உதவாது. மெஷினின் வெளியீடு வீட்டு மின்சுற்றிலிருந்து பிரிக்கப்பட்டிருப்பதால் அங்கே நடப்பது அதற்குத் தெரியாது.

இதுவரை பார்த்ததில் இடங்களின் குணம் மட்டுமே பேசப்பட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது ஆள் நடமாட்டம். போர்ட்டிகோ எல்லோரும் வந்துபோகும் வழி. மின்வில் எரியும்போது அது பெரும் தொல்லை. கூரியர்காரர் வருவார், பேரப்பிள்ளை ஓடிவரும். மாடியில் அந்தத் தொல்லை இல்லை, கதவைச் சாத்திவிட்டால் போதும். ஆனால் வெல்டிங் முடிந்தபின் குறைந்தது அரை மணி நேரம் தீக்காவல் இருக்க வேண்டும். மிதியடிக்கு அடியில் புகுந்த பொறி உடனே எரியாது, கனன்றுகொண்டிருக்கும். அந்த அரை மணி நேரத்தில் போர்ட்டிகோவை நாலு பேர் கடந்திருப்பார்கள், ஒருவருக்காவது வாசனை தெரியும். மாடியிலோ வேலை முடிந்ததும் குளிக்க இறங்கிவிடுகிறோம். ஷாக் அடித்து விழுந்தாலும் அதே கணக்குத்தான். வேலை நேரத்தில் குறையாக இருந்தது, முடிந்த பிறகு குணமாக மாறிவிடுகிறது.

வண்டிகளை வெளியே தள்ளி, தரையைத் துடைத்து, கேட் பக்கம் தடுப்பு வைக்க முடியுமென்றால் நான் போர்ட்டிகோவையே தேர்வேன். ஜி.ஐ. பைப் வேலைக்கு மட்டும் இந்தத் தீர்ப்பு மாறும். அதன் மேல் பூசியிருக்கும் துத்தநாகம் 907 டிகிரியில் கொதிப்பது. இரும்பு உருகும் முன்பே வெண்புகையாகக் கிளம்பி, அன்றிரவு குளிர்காய்ச்சலைத் தரும். பூச்சைத் தேய்த்து எடுத்தபின்பும் அந்த வேலையை மாடிக்குக் கொண்டுபோவதே நல்லது. அன்று வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துப்போக வேண்டும். அவர் உட்காருவது காற்று வரும் பக்கம், பவர் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில். அவருக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கித்தான் ஆக வேண்டும்.