போனைத் தட்டிப் பார்த்த கதை

2000-களின் முற்பகுதியில் சென்னை பர்மா பஜாரில் பழைய நோக்கியா வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு எண்கள் மனப்பாடமாக இருந்தன. முதலாவது *#06#. அதை அழுத்தினால் போனின் 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். பேட்டரியைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அது கூடு மாற்றிய போனாகவோ திருட்டுப் போனாகவோ இருக்கலாம். இரண்டாவது எண் கொஞ்சம் நீளம்: *#92702689#. அன்றைய பல நோக்கியா மாடல்களில் இதை அழுத்தினால் போன் எந்த மாதம் தயாரானது, இதுவரை மொத்தம் எத்தனை மணி நேரம் பேசப்பட்டிருக்கிறது என்ற விவரமெல்லாம் வந்துவிடும். கடைக்காரர் "புதுசு சார், பத்து நாள்தான் ஓடியிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, போன் வேறு கணக்குச் சொல்லும்.

ஒரு போனின் நிறைகுறைகளைச் சோதித்துச் சொல்லும் தொழில் இன்று யூடியூபில் கோடிக்கணக்கான பார்வைகளைக் குவிக்கிறது. நம் ஊரைப் பொறுத்தவரை அதற்கு முன்னோடிகள் இந்தக் கடைவாசல் சோதனைகள்தான். 2003-இல் வந்த நோக்கியா 1100-ஐ எடுத்துக்கொள்வோம். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. தூசி புகாத விசைப்பலகை, வழுக்காத பக்கவாட்டு, மின்வெட்டுக்கு உதவும் டார்ச். விமர்சனம் படித்து அதை வாங்கியவர்கள் அபூர்வம். பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருந்தார், கீழே விழுந்தும் ஓடியது. அவ்வளவு சான்று போதுமானதாக இருந்தது.

அந்தச் சான்றுக்கு எட்டாத இடமும் இருந்தது. 2007 ஆகஸ்டில் நோக்கியா ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்த பிஎல்-5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம், சார்ஜ் ஆகும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்றது. இந்தியாவில் சர்வீஸ் சென்டர் வாசல்களில் கூட்டம் கூடியது. ஜனங்கள் பேட்டரியைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் அச்சடித்த எண்ணைப் படித்துக்கொண்டு நின்றார்கள். மாதக்கணக்கில் சட்டைப்பையில் இருந்த பொருளின் குறையை வாங்கியவரோ விற்றவரோ கண்டுபிடிக்கவில்லை. தயாரித்தவர் சொல்லித்தான் தெரிந்தது. போன் விமர்சனத்தின் வரலாறு நெடுக இதே கதைதான் வேறு வேறு உருவத்தில் வருகிறது. இன்று விமர்சகர்கள் செய்யும் சோதனைகளில் பல, முன்னால் யாரும் பார்க்காமல் விட்ட ஒரு குறை வெடித்த பிறகு சேர்ந்தவை.

அதே 2007-இல்தான் ஸ்மார்ட்போன் விமர்சனம் ஒரு சடங்காக மாறியது. ஐபோன் கடைக்கு வந்தது ஜூன் 29. அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பே ஆப்பிள் அமெரிக்காவில் நான்கு பேரிடம் மட்டும் அதைக் கொடுத்தது: வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் வால்ட் மாஸ்பெர்க், நியூயார்க் டைம்ஸின் டேவிட் போக், நியூஸ்வீக்கின் ஸ்டீவன் லெவி, யுஎஸ்ஏ டுடேயின் எட் பெய்க். விற்பனைக்குச் சில நாள் முன்பு நால்வரின் விமர்சனங்களும் வெளிவந்தன. அவர்கள் ஒன்றும் ஜால்ரா அடிக்கவில்லை. ஏடி அண்ட் டி நெட்வொர்க்கின் எட்ஜ் இணைப்பு ஆமை வேகம், கேமராவில் வீடியோ எடுக்க முடியாது, பேட்டரியைக் கழற்ற முடியாது என்று குறைகளை வெளிப்படையாகவே எழுதினார்கள். காப்பி-பேஸ்ட் கூட இல்லாத போன் அது. அந்த வசதி வர 2009 வரை ஆயிற்று. ஆனாலும் தொடுதிரையின் புதுமைக்கு முன்னால் இவை பெரிதாகத் தெரியவில்லை. தீர்ப்பு பாராட்டாகவே அமைந்தது. பின்னோக்கிப் பார்த்தால் அது சரியான தீர்ப்பும்கூட. அவர்களால் சொல்லவே முடியாத குறை ஒன்றுதான்: 599 டாலர் கொடுத்து வாங்கிய மாடல் செப்டம்பர் 5-ஆம் தேதி 399 டாலருக்கு இறங்கும் என்பது. முதல் வாரமே ஓடிப்போய் வாங்கியவர்களின் கூச்சலுக்குப் பணிந்து ஆப்பிள் 100 டாலர் கூப்பன் தந்தது.

வெளியீட்டுக்கு முன்பே தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் போன், குறிப்பிட்ட மணி அடித்ததும் எல்லா விமர்சனமும் ஒரே சமயத்தில் வெளியாவது. இந்த ஏற்பாடு பிறகு தொழில் முழுவதற்கும் வழக்கமாகிவிட்டது. இதன் பலவீனம் மூன்றே ஆண்டில் அம்பலமானது.

2010 ஜூனில் வந்த ஐபோன் 4-இல் சுற்றியிருக்கும் எஃகுச் சட்டமே ஆன்டெனா. இடது பக்கக் கீழ் மூலையில் இரண்டு ஆன்டெனாக்களைப் பிரிக்கும் சிறிய இடைவெளியில் கை பட்டால் சிக்னல் விழுந்தது. வாங்கியவர்கள் முறையிட்டபோது ஸ்டீவ் ஜாப்ஸ், அப்படிப் பிடிக்காமல் இருங்கள் என்ற தோரணையில் மின்னஞ்சலில் பதில் எழுதினார். சிக்னல் கட்டைகளைக் கணக்கிடும் சூத்திரத்தில் பிழை என்றும் ஆப்பிள் விளக்கம் சொன்னது. அந்தச் சமயத்தில்தான் இரண்டு அமைப்புகள் அளவுகோலைக் கையில் எடுத்தன. 1997-இல் ஆனந்த் லால் ஷிம்பி என்ற பள்ளி மாணவர் தொடங்கிய ஆனந்த்டெக் இணையதளம், கட்டைகளை ஒதுக்கிவிட்டு டெசிபெலில் அளந்தது. சாதாரணமாகக் கையில் பிடித்தாலே சிக்னல் சுமார் 20 டெசிபெல் இறங்கியது. அதாவது, சக்தி நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. அதே ஆய்வு இன்னொன்றையும் நேர்மையாகச் சொன்னது: பலவீனமான சிக்னலில் அழைப்பைத் தக்கவைத்துக்கொள்வதில் இந்தப் போன் முந்தைய ஐபோன்களைவிடத் தேவலை.

கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் வேறு ரகம். 1936-லிருந்து இயங்கும் அந்த நுகர்வோர் அமைப்பு, சோதிக்கும் பொருளைச் சொந்தக் காசில் கடையில் வாங்கும். நியூயார்க் பகுதியில் மூன்று வெவ்வேறு கடைகளில் மூன்று ஐபோன் 4 வாங்கி, வெளி அலைகள் நுழையாத அறையில் வைத்துச் சோதித்தது. ஜூலை 12-ஆம் தேதி, இந்தப் போனைப் பரிந்துரைக்க முடியாது என்று அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், அவர்களின் மதிப்பெண் பட்டியலில் அதே போன்தான் முதலிடத்தில் இருந்தது. அந்த மூலையில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டால் சரியாகும் என்று யோசனையும் சொன்னார்கள். நான்காம் நாள் ஜாப்ஸ் பத்திரிகையாளர்களைக் கூட்டி, எல்லோருக்கும் இலவச உறை தருவதாகச் சொன்னார். நிறுவனம் கொடுத்த போனுக்கும், கடையில் காசு கொடுத்து வாங்கிய போனுக்கும் உள்ள வித்தியாசம் அந்த வாரத்தில் பளிச்சென்று தெரிந்தது.

இதே ஆண்டுகளில் தமிழ்நாட்டு வாடிக்கையாளரின் அளவுகோல் முற்றிலும் வேறாக இருந்தது. மேலைநாட்டு விமர்சகர்கள் ஒரு போனில் இரண்டு சிம் போட முடியுமா என்று கேட்பது அரிது. 2008-இல் மைக்ரோமேக்ஸ், 30 நாள் தாங்கும் பேட்டரி என்று எக்ஸ்1ஐ மாடலை விற்றதன் அருமை மின்வெட்டில் வாழ்ந்தவர்களுக்குத்தான் புரியும். 'சைனா செட்' வாங்கியவர்கள் ஸ்பீக்கர் எத்தனை என்று எண்ணிப் பார்த்தார்கள். அவற்றில் ஐஎம்இஐ இல்லாத போன்களுக்கு 2009 நவம்பர் 30 நள்ளிரவோடு இணைப்பைத் துண்டிக்க அரசு உத்தரவிட்டதும், *#06# மறுபடி ஊர்முழுக்கப் பிரபலமானது.

இன்னொரு கேள்வியும் இருந்தது: தமிழ் தெரியுமா? ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத்தான் தெரிந்தன. முத்து நெடுமாறனின் செல்லினம் என்ற மென்பொருள் 2005-லேயே செல்போனில் தமிழைக் கொண்டுவந்திருந்தது என்பதை நினைத்தால் எரிச்சல் இன்னும் கூடும். அப்போது தமிழ் வாசகர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி ஓபரா மினி உலாவி. முகவரிப் பட்டையில் ஓபரா:கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டி, சிக்கலான எழுத்துகளைப் படமாக அனுப்பும் வசதியை இயக்கினால், தமிழ்ப் பக்கங்கள் படமாக மாறி வந்து சேரும். ஒரு போன் தமிழைக் காட்டுமா என்பது தமிழருக்கு முதல் நிறையோ முதல் குறையோ ஆகும். ஆங்கில விமர்சனங்களில் அது ஒரு வரிக்குக்கூடத் தேறவில்லை.

விமர்சகர்கள் அளக்கத் தொடங்கியதும், நிறுவனங்கள் அளவுகோலையே ஏமாற்றக் கற்றுக்கொண்டன. 2012 செப்டம்பரில் நோக்கியா லூமியா 920-ஐ அறிமுகம் செய்தபோது, அதன் கேமரா ஆடாமல் வீடியோ எடுக்கும் என்று காட்ட ஒரு விளம்பரம் போட்டது. சைக்கிளில் ஒரு பெண் போகிறார். அவரைப் படமெடுப்பது போன் என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்ள வேண்டும். வழியில் வந்த ஒரு கண்ணாடி ஜன்னலில் பெரிய கேமராவோடு ஒருவர் வேனில் இருந்தது பிரதிபலித்துவிட்டது. நோக்கியா மன்னிப்புக் கேட்டது.

அடுத்த ஆண்டு மாட்டியது சாம்சங். கேலக்ஸி எஸ்4-இன் ஒரு வகையில், கிராஃபிக்ஸ் சில்லு வேகச் சோதனைச் செயலிகள் சில ஓடும்போது மட்டும் 533 மெகாஹெர்ட்ஸுக்கு எகிறியது. மற்ற நேரத்தில் 480-ஐத் தாண்டவில்லை. ஆனந்த்டெக் மென்பொருளைக் குடைந்து பார்த்தபோது அந்தப் பகுதிக்குச் சூட்டியிருந்த பெயரே 'பெஞ்ச்மார்க் பூஸ்டர்'. திருடன் தன் பையில் பெயர் எழுதி வைத்த மாதிரி. ஒன்பது ஆண்டு கழித்தும் பாடம் படிந்ததாகத் தெரியவில்லை. 2022-இல் எஸ்22 உள்ளிட்ட சாம்சங் போன்கள் சாதாரணச் செயலிகளின் வேகத்தைக் குறைத்து, சோதனைச் செயலிகளை மட்டும் தாராளமாக ஓடவிட்டது தெரிந்ததும், கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனைச் செயலி அவற்றைத் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் போன் வாங்குவோர் இன்றும் நினைவில் வைக்க வேண்டிய சம்பவங்கள் இவை.

2014-இல் ஐபோன் 6 பிளஸ் பேன்ட் பாக்கெட்டில் வளைந்தது. ஆப்பிள் தன்னிடம் வந்த புகார்கள் ஒன்பதுதான் என்றது. ஆனால் முந்தைய 5எஸ்-ஐவிட இது வளையும் வாய்ப்பு 7.2 மடங்கு அதிகம் என்று ஆப்பிளின் சொந்தச் சோதனையே சொல்லியிருந்தது, 2018-இல் நீதிமன்ற ஆவணங்கள் மூலம் வெளிவந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்து வளைக்கும் சோதனை யூடியூபில் பரவியது அந்தச் சமயத்திலிருந்துதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடி 2016-இல் விழுந்தது. ஆகஸ்ட் 2-ஆம் தேதி அறிமுகமான சாம்சங் கேலக்ஸி நோட் 7-ஐ விமர்சகர்கள் கொண்டாடினார்கள். வளைந்த திரை, கருவிழி ஸ்கேனர், தண்ணீர் புகாத உடல் என்று எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண். ஒரு மாதம்தான் ஆனது. 35 போன்களில் பேட்டரிக் கோளாறு பதிவாகி, 25 லட்சம் போன்கள் திரும்பப் பெறப்பட்டன. மாற்றிக் கொடுத்தவையும் தீப்பிடித்ததால் அக்டோபரில் தயாரிப்பே நின்றது. இந்தியாவில் 59,900 ரூபாய் என்று விலை சொல்லி முன்பதிவு நடத்தியதோடு சரி. நம் விமானங்களில் அதை இயக்கத் தடை வந்த அதே செப்டம்பரில், சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானத்தில் ஒரு சாம்சங் போன் புகைந்து பீதியைக் கிளப்பியது. ஆனால் அது பழைய நோட் 2.

2 லட்சம் போன்களையும் 30,000 பேட்டரிகளையும் சோதித்த பின், 2017 ஜனவரியில் சாம்சங் காரணத்தைச் சொன்னது. முதல் பேட்டரியில் மேல்மூலையில் மின்முனை மடங்கியிருந்தது. மாற்றாக வந்த பேட்டரியில் வெல்டிங் பிசிறு. இதற்காக விமர்சகர்களைக் குறைசொல்வது நியாயமாகாது. 25 லட்சத்தில் 35 என்றால் ஏறத்தாழ 70,000-க்கு ஒன்று. கையில் ஒரே ஒரு போனை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பார்ப்பவருக்கு அந்தக் குறை கண்ணில் படவே படாது.

அளவில் மறையும் குறை அது. காலத்தில் மறையும் குறையும் உண்டு. 2017 டிசம்பரில் கீக்பெஞ்சின் ஜான் பூல், பழைய ஐபோன்களின் வேக மதிப்பெண்களை வரைபடமாகப் போட்டார். ஐஓஎஸ் புதுப்பிப்புகளுக்குப் பிறகு அவை படிப்படியாகச் சரிந்திருந்தன. இரண்டு நாளில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது: தேய்ந்த பேட்டரியால் போன் திடீரென அணைந்துபோகாதிருக்க வேகத்தைக் குறைத்தோம். சொல்லாமல் செய்ததுதான் சிக்கல். பேட்டரி மாற்றும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29 ஆனது. இதற்காகத் தொடரப்பட்ட வழக்கு 50 கோடி டாலர் வரையிலான சமரசத்தில் முடிந்தது. 2015-இல் ஐபோன் 6எஸ்-க்கு வந்த விமர்சனம் எதிலும் இது இருந்திருக்க வழியில்லை.

விமர்சகர்கள் வாங்குவோரைக் காப்பாற்றிய தருணமும் ஒன்றுண்டு. 2019 ஏப்ரலில் 1,980 டாலர் விலையுள்ள கேலக்ஸி ஃபோல்டை விற்பனைக்கு முன் சிலருக்குக் கொடுத்தார்கள். சில நாளிலேயே அவர்களில் சிலருடைய திரை கெட்டது. மேலே இருந்த பிளாஸ்டிக் ஏடு வெறும் பாதுகாப்பு ஒட்டி என்று நினைத்து இருவர் உரித்துவிட்டார்கள். இன்னொருவரின் கீல் வழியே துகள் புகுந்து திரை புடைத்தது. ஏப்ரல் 26-இல் வர வேண்டிய போன் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. இதற்கிடையே ஐஃபிக்ஸிட் என்ற தளம் அதைப் பிரித்துப் பார்த்து எழுதிய கட்டுரை, சாம்சங்கின் வேண்டுகோளுக்குப் பிறகு அகற்றப்பட்டது.

இந்த ஆண்டுகளில் விமர்சனம் எழுத்திலிருந்து பெருமளவு வீடியோவுக்கு மாறியது. பெட்டியைப் பிரிப்பதே ஒரு நிகழ்ச்சியானது. காசு வாங்கிப் பேசுகிறவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இல் விதி வகுத்தது. மத்திய அரசும் 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனந்த்டெக் 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது. டெசிபெலில் அளந்து சொல்ல ஒரு கை குறைந்துவிட்டது என்றுதான் இதைக் கொள்ள வேண்டும்.

அளக்கும் வேலையைச் சட்டம் எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருப்பது புதிய திருப்பம். ஒவ்வொரு ஸ்மார்ட்போனும் பழுது பார்க்க எவ்வளவு எளிது என்பதற்கு மதிப்பெண் காட்ட வேண்டும் என்று 2021 ஜனவரியில் பிரான்சில் விதி வந்தது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போன்களுக்கு ஒரு லேபிள் கட்டாயம். பேட்டரி ஒரு சார்ஜில் எத்தனை மணி நேரம் தாங்கும், எத்தனை சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் மிஞ்சும், கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், எளிதில் சரிசெய்யலாமா என்பதெல்லாம் அதில் இருக்கும். 800 சுற்றுக்குப் பிறகும் பேட்டரி 80 சதவீதம் கொள்ள வேண்டும், உதிரி பாகங்கள் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டு கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் உண்டு. முதல் வாரத்து விமர்சனத்தால் சொல்ல முடியாதவை இவைதான். இந்தியாவில் அப்படியொரு லேபிள் கட்டாயமாகும்வரை, புதுப் போன் வாங்க நினைப்பவர்கள் வெளியீட்டு நாள் வீடியோவோடு நிறுத்திக்கொள்ளாமல், அதே போனை ஆறு மாதமாவது பயன்படுத்தியவர் எழுதியதையும் தேடிப் படித்துவிட்டுக் காசை எண்ணட்டும்.