யார் இந்த தியானா போஷ்கோவிச்? 2 முறை உலக சாம்பியன்... ஆனா கிளப்பில் 10 வருஷம் கிடைக்காத அந்த 2 கோப்பைகள்!

பெண்கள் வாலிபாலில் இன்றைய தேதிக்கு உலகின் டாப் அட்டாக்கர்கள் யார் என்று கேட்டால், எந்தப் பட்டியலிலும் தவறாமல் வரும் பெயர் தியானா போஷ்கோவிச். செர்பிய அணியின் இடது கை புயல். உயரம் 193 செ.மீ. நாட்டுக்காக ஜெயிக்க வேண்டியதில் பெரும்பகுதியை 25 வயதுக்குள் ஜெயித்துவிட்டார். கிளப் கதை மட்டும் வேற மாதிரி. அது ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

எங்கிருந்து வந்தார்?

1997 மார்ச் 8-ம் தேதி பிறந்தவர். பிறந்தது செர்பியாவில் இல்லை, பக்கத்து நாடான போஸ்னியா ஹெர்சகோவினாவின் ட்ரெபின்யே நகரில். வளர்ந்தது அதன் அருகே உள்ள பிலேச்சா என்ற சின்ன ஊரில். அக்கா தயானாவும் வாலிபால் வீராங்கனைதான்.

14 வயதில் செர்பியத் தலைநகர் பெல்கிரேடுக்குப் போய் பார்ட்டிசான் விசுரா கிளப்பில் சேர்ந்தார். 17 வயதில், 2014 உலக சாம்பியன்ஷிப்பில் செர்பிய சீனியர் அணிக்கு ஆடினார். 18 வயதில் துருக்கியின் இஸ்தான்புல்லில் உள்ள எஸாஜிபாஷி கிளப் அவரை அள்ளிக்கொண்டது.

இடது கை ஏன் இவ்வளவு பெரிய ஆயுதம்?

போஷ்கோவிச் ஆடும் இடத்துக்குப் பெயர் 'ஆப்போசிட்'. பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டருக்கு எதிர் மூலையில் நிற்பதால் அந்தப் பெயர். எதிரணியின் செர்வை வாங்குவது பெரும்பாலும் இவர் வேலை இல்லை. அடிப்பதுதான் வேலை.

ஆப்போசிட் முன்வரிசைக்கு வரும்போது வலது ஓரத்தில் இருந்து அடிப்பார். செட்டர் தூக்கும் பந்து இடது பக்கத்தில் இருந்து வரும். வலது கைக்காரர் என்றால் பந்து தன் உடம்பைத் தாண்டி வரும்வரை காத்திருக்கணும். இடது கைக்காரருக்கு அந்தத் தாமதம் இல்லை. அந்த ஒரு கணம் எதிரணி பிளாக்கர்களுக்குப் பெரிய தலைவலி.

பின்வரிசைக்குப் போனாலும் நிம்மதி கிடையாது. 3 மீட்டர் கோட்டுக்குப் பின்னால் இருந்து எகிறி அடிப்பதிலும் அவர் கில்லாடி. அதனால் செர்பியா நெருக்கடியில் சிக்கும்போதெல்லாம் பந்து பெரும்பாலும் அவரைத் தேடித்தான் போகும்.

நாட்டுக்காக என்ன சாதித்தார்?

2016 ரியோ ஒலிம்பிக்கில் அவருக்கு வயது 19. லீக் சுற்றில் சீனாவை 3-0 என வீழ்த்திய செர்பியா, இறுதிப்போட்டியில் அதே சீனாவிடம் 3-1 எனத் தோற்றது. கிடைத்தது வெள்ளி.

2018-ல் ஜப்பானில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி. எதிரே இத்தாலி. 5 செட் வரை போன ஆட்டத்தில் செர்பியா 3-2 என ஜெயித்து முதல் முறையாக உலக சாம்பியன் ஆனது. தொடரின் சிறந்த வீராங்கனை: போஷ்கோவிச்.

2022-ல் மறுபடியும் அதே கதை. ஒரு மேட்ச்கூட தோற்காமல் இறுதிக்கு வந்து, பிரேசிலை 3-0 என நொறுக்கியது செர்பியா. சிறந்த வீராங்கனை விருது மீண்டும் அவருக்கே. சுமார் 66 லட்சம் பேர் மட்டுமே வசிக்கும் நாடு இது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் அளவு புரியும்.

இதோ சுருக்கமாக:

- ஒலிம்பிக்: 2016 வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம்
- உலக சாம்பியன்ஷிப்: 2018, 2022 தங்கம்
- ஐரோப்பிய சாம்பியன்ஷிப்: 2017, 2019 தங்கம், 2021, 2023 வெள்ளி

அப்போ கிளப்பில் என்ன பிரச்சினை?

2015-ல் எஸாஜிபாஷி ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. போஷ்கோவிச் சேர்ந்தது அதற்குப் பிறகு! அடுத்த 10 சீசன்களில் அந்தக் கோப்பை ஒருமுறைகூட கிளப்புக்குத் திரும்பி வரவில்லை. துருக்கி லீக் பட்டமும் அப்படித்தான்.

வெறுங்கையோடு இருந்தார் என்று அர்த்தமில்லை. 2016, 2023-ல் உலக கிளப் சாம்பியன்ஷிப், 2018, 2022-ல் சிஇவி கோப்பை எல்லாம் வந்தன. ஆனால் ஒரு கிளப்பின் பலத்தை அளக்கும் அந்த 2 பெரிய பட்டங்கள் மட்டும் கைக்கு எட்டவில்லை. 2023 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி வரை போயும், அதே ஊரின் வாகிஃப்பேங்க் அணியிடம் தோல்விதான்.

காரணம் என்ன? துருக்கி லீக்தான் உலகின் மிகக் கடினமான லீக்குகளில் ஒன்று. வாகிஃப்பேங்க், ஃபெனர்பாச்சே, எஸாஜிபாஷி என 3 பெரிய கிளப்புகளும் ஒரே ஊரில், உலகின் சிறந்த வீராங்கனைகளை வைத்துக்கொண்டு மோதுகின்றன. வாலிபாலில் பந்தைப் பிடித்து வைத்திருக்க முடியாது. செர்வை வாங்குபவர் தடுமாறினால் செட்டர் தடுமாறுவார். செட்டர் தடுமாறினால் எப்பேர்ப்பட்ட அட்டாக்கருக்கும் நல்ல பந்து வராது. தனி ஒருவரை நம்பி ஒரு சீசன் முழுக்க ஜெயிக்கிறது கஷ்டம்.

இப்போது எங்கே இருக்கிறார்?

பட்டம் வராவிட்டாலும் அவர் கிளப்பை மாற்றவில்லை. நட்சத்திரங்கள் 2, 3 வருஷத்துக்கு ஒருமுறை அணி மாறும் இந்த விளையாட்டில் 10 சீசன் ஒரே ஜெர்சி என்பது அபூர்வம்.

கடைசியில் 2025-ல் எஸாஜிபாஷியிடம் இருந்து விடைபெற்றார். சேர்ந்தது எந்த அணியில் தெரியுமா? இத்தனை வருஷம் வலைக்கு அந்தப் பக்கம் நின்ற அதே வாகிஃப்பேங்கில்தான்!

செர்பிய அணிக்கும் இது சோதனைக் காலம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் காலிறுதியிலேயே இத்தாலியிடம் 3-0 எனத் தோற்று வெளியேறியது. 2 உலகப் பட்டங்களை வென்ற தலைமுறையில் பலர் ஒதுங்கிவிட, பாரம் முன்பைவிட அதிகமாக அதே இடது கை மேல் விழுகிறது. அந்தக் கைக்கு துணையாக அடுத்த தலைமுறையை செர்பியா எவ்வளவு சீக்கிரம் தயார் செய்கிறது என்பதில்தான் அடுத்த பதக்கம் இருக்கிறது.