மூன்றாவது சக்கரம் எங்கே இருக்க வேண்டும்?

“வெள்ளிமலைக்காரனுக்கும் விமானத்துக்கும் என்னப்பா சம்பந்தம்?” என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது. கல்வராயன் மலைக்குக் கிழக்கே உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம். மேற்கே சேலம் விமான நிலையத்தில் பயிற்சி விமானங்கள். 2025 நவம்பர் 13 அன்று சேலத்திலிருந்து கிளம்பிய ஒரு பயிற்சி விமானம், திருச்சி - புதுக்கோட்டை நெடுஞ்சாலையிலேயே அவசரமாக இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள்.

அது நடுவானில் வந்த கோளாறு. ஆனால் மாணவர் ஓட்டும் சிறு விமானம் பெரும்பாலும் அடிபடுவது ஓடுதளத்தில், தரையைத் தொடும் சில விநாடிகளில்தான். உடனே, “பையனுக்குக் கை சரியில்லை” என்று சொல்லிவிடுவார்கள். கை மட்டும்தானா காரணம்? மெக்கானிக்கல் படித்த எனக்குச் சக்கரத்தின் மேலும் ஒரு கண் உண்டு.

1931-ல் முதலில் பறந்த டைகர் மாத்தில்தான் நம் நாட்டிலும் பலர் பறக்கப் பழகினார்கள். அதற்கு முன்னால் இரண்டு சக்கரம், வாலில் ஒரு சறுக்குக்கட்டை, பிரேக் கிடையாது. எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும்.  கொஞ்சம் கோணினாலும் சுற்றிக்கொள்ளும். அப்படிச் சுற்றி, விமானம் இறக்கையைத் தரையில் இடித்துக்கொள்ளும். பரந்த புல்வெளியில் காற்றை எதிர்த்து எந்தத் திசையிலும் இறங்க முடிந்தவரை சமாளித்தார்கள். ஒரே திசையில் நீளும் தார் ஓடுதளம் வந்ததும் பக்கக் காற்றும் சேர்ந்து படுத்தியது.

ஃபிரெட் வீக் என்ற அமெரிக்கப் பொறியாளர் மாணவரைத் திட்டாமல் விமானத்தைத் திருத்தினார். 1934-ல் நண்பர்களோடு கட்டிய டபிள்யூ-1 விமானத்தில் மூன்றாவது சக்கரத்தை மூக்குக்குக் கீழே கொண்டுவந்தார். கர்ட்டிஸ் பழைய நாளில் செய்ததுதான், எல்லோரும் மறந்திருந்தார்கள். இப்போது எடையின் மையம் பின்சக்கரங்களுக்கு முன்னால். விமானம் கோணினால் தானே நேராகும். 1950-களில் செஸ்னா 172-ம் 150-ம் அதே வழியில் வந்தன.

நம் நாட்டிலோ 1951-ல் பறந்த எச்.டி.-2, 1958-ல் பறந்த புஷ்பக் இரண்டும் வால்சக்கர விமானங்கள். பெங்களூர் என்.ஏ.எல். உருவாக்கிய ஹன்சா 1993-ல் மூக்குச் சக்கரத்தோடு பறந்தது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. வேகம் குறையாமல் இறங்கி, மூக்குச் சக்கரம் முதலில் தரையில் பட்டால் விமானம் துள்ளும். பதறிப்போய் மூக்கை மறுபடி கீழே அழுத்தினால் அடுத்த துள்ளல் இன்னும் பெரிதாகும். அப்படித் துள்ளித் துள்ளி மூக்குக் கால் உடையும், புரொப்பெல்லர் வளையும். அதனால்தான் பயிற்றுநர்கள், “துள்ளினால் அழுத்தாதே, பவர் கொடுத்து மேலே போய் மறுபடி வா” என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஒரு விபத்தை வடிவமைப்பு குறைத்தது. இன்னொன்றைப் பயிற்சிதான் குறைக்க வேண்டும். படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, நாளை உங்கள் தொழிற்சாலையில் ஒரே தவறைப் பத்துப் பேர் செய்தால், பத்துப் பேருக்கும் மெமோ கொடுக்கும் முன் அந்த இயந்திரத்தை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். அவர்களில் ஒருவருடைய வேலையாவது அதனால் தப்பும்.