மதகு மூடியாகக் கிடந்த கல்லும் எங்கள் வீட்டுப் பெட்டிகளும்



கொழும்பு தேசிய நூதனசாலை நீண்ட காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடியே இருந்தது. ஏன் தெரியுமா? 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்ட அந்த வெள்ளை மாளிகையைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தக்காரர். "என்ன பரிசு வேண்டும்?" என்று ஆளுநர் வில்லியம் கிரகரி கேட்டாராம். "ஜும்ஆ நாளில் மூடி வைத்தால் போதும்" என்றாராம் மரிக்கார். பெரியவர்கள் சொல்லும் கதை இது.

படிக்கிற காலத்தில் ஹட்டனிலிருந்து கல்விச் சுற்றுலா போனபோது இந்தக் கதையை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மிருகக்காட்சிசாலைக்கு நேரமாகிறது என்று அரை மணித்தியாலத்தில் ஓடி முடித்தோம். மனதில் நின்றது கண்டி ராஜாவின் சிம்மாசனம் மட்டும்தான். 1815இல் வெள்ளைக்காரன் கொண்டுபோய், 1934இல் திருப்பித் தந்தது அது.

அண்மையில் மறுபடி போனோம். இந்த முறை ஆறுதலாகப் பார்த்தோம். பொலன்னறுவையில் கிடைத்த நடராஜர் வெண்கலச் சிலைகளைத் தாண்டிப் போய் ஒரு கல்லின் முன்னால் நின்றுவிட்டோம். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல். 1409ஆம் ஆண்டுத் திகதி அதில் உண்டு. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி எழுத்து. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேவந்துறை விஷ்ணுவுக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை சொல்லியிருக்கிறது. 1911இல் காலியில் கண்டெடுத்தபோது, அது ஒரு மதகுக்கு மூடியாகக் குப்புறக் கிடந்ததாம்!

சரி, மலையக மக்கள் அங்கே எங்கே? நூதனசாலை எழும்பிய காலத்தில் இந்த நாட்டின் பெரிய வருமானம் கோப்பி. அந்தக் கோப்பியைப் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து காட்டு வழியே நடந்து வந்த எங்கள் தோட்டத்து மக்களின் முன்னோர். திறப்பு விழா நடந்த அதே நாட்களில் சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். பசிக்குத் தப்பி ஆயிரக்கணக்கானோர் இங்கே கரையிறங்கினார்கள். அவர்கள் உழைப்பும் அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது. ஆனால் அவர்கள் கைப்பட்ட பொருள் ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை.

ஹந்தானையில் தேயிலை நூதனசாலை இருக்கிறது. அங்கே இயந்திரங்கள்தான் அதிகம். தொழிலாளரின் வாழ்க்கையைப் பார்க்கக் கம்பளைக்குப் பக்கத்தில் நியூ பீகொக் தோட்டத்துக்குப் போகவேண்டும். பழைய லயத்தையே நூதனசாலையாக்கி வைத்திருக்கிறார்கள். அடுத்த சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அங்கேயும் கூட்டிப்போகலாமே.

அதற்கு முன்னால் ஒரு வேலை. லயத்து டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்கலாம். 1948இல் எங்கள் மக்களின் பிரஜாவுரிமை பறிபோன பிறகு, ஒரு துண்டுக் கடதாசிக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்த வீடுகள் இவை. அந்தக் கடதாசிகளே இப்போது சரித்திரம். மூலையில் பழைய கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, தப்பு கிடக்கலாம். கடைத்தெருவில் எங்கள் வாப்பாமாரின் கடன் கணக்குக் கொப்பிகளும் இருக்கும். தோட்டத்தார் எந்த மாதம் எத்தனை கொத்து அரிசி வாங்கினார்கள் என்று அதில் தெரியும்.

தயவுசெய்து பழைய இரும்புக்காரனுக்குப் போடாதீர்கள், அடுப்பில் வைக்காதீர்கள். படம் எடுத்து, யாருடையது, எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று பின்னால் எழுதி வையுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதுங்கள்.