அம்பிகா காமேஷ்வர்

பரதநாட்டியமும் சங்கீதமும் பயின்று, அரங்கப் புகழோடு அமையாமல், அக்கலைகளையே மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சையும் கல்வியுமாக ஆக்கிய சென்னைக் கலைஞர். 'ராஸா' எனும் ரமண சுநிருத்ய ஆலயத்தை 1989-இல் நிறுவியவர். அமெரிக்காவில் மரியன் சேஸ் 1942 முதல் வாஷிங்டன் நகரத்து மனநோய் மருத்துவமனையொன்றில் வளர்த்த நடன சிகிச்சை, வாயால் உரைக்கவியலாத துயரை அங்க அசைவால் வெளிப்படுத்தச் செய்வது. அம்பிகாவின் மார்க்கமோ, அபிநயம், தாளம், பாட்டு, கதை முதலியவற்றை ஆதாரமாகக் கொண்டு, ஒருவரால் இயலாததை எண்ணிக்கொண்டிராமல் இயன்றதிலிருந்தே தொடங்குவது. தகுதித் தேர்வுக்கு அங்கே இடமில்லை என்பதே, எம் கருத்தில், அதன் தலையாய சிறப்பு. ஆகவே, சாத்தூர், சிவகாசிப் பக்கத்தில் பட்டாசு விபத்துக்களில் வெந்து, தழும்பு இறுகிய அவயவங்களைப் பிறர் காணக் கூசுவோர்க்கு, மருத்துவர் மேற்பார்வையில் இத்தகைய பயிற்சி கிட்டச் செய்தல் அவசியமாகும்.